வாக்கும் பாரமும்



சில மாதங்களுக்கு முன்னர், எமது பங்கின் இளையோர் விவிலிய வகுப்பில், கணினித்துறை பயிலும் மாணவர் ஒருவர் தமது ஆங்கில விவிலியத்தைத் திறந்து வைத்துக்கொண்டு ஒரு வினாவை எழுப்பினார். எசாயா நூலின் பதின்மூன்றாம் அதிகாரத்துக்கு அதில் ‘பாபிலோனைப் பற்றிய ஒரக்கிள்’ என்று தலைப்பு இடப்பட்டிருந்தது. தமக்கு அச்சொல் ஒரு தரவுத்தள மென்பொருளின் பெயராகவே தெரியும் என்றும், அதற்கு இறைவாக்கினரின் நூலில் என்ன வேலை என்றும் அவர் கேட்டார். வகுப்பில் இருந்தோர் சிரித்தனர். வினா என்னவோ நியாயமானதே. அமெரிக்காவில் 1977ஆம் ஆண்டு தொடங்கப்பட்ட அந்த நிறுவனத்தின் நிறுவுநர்கள், முன்னர் அந்நாட்டு உளவுத்துறைக்காகத் தாம் ஈடுபட்டிருந்த திட்டமொன்றின் மறைபெயரையே தம் மென்பொருளுக்குச் சூட்டினர். எதைக் கேட்டாலும் விடை தரும் ஒன்று என்பதே அப்பெயரின் கவர்ச்சி.

அன்று நான் அளித்த விடை அரைகுறையானது. அகராதியைப் புரட்டினால் தெய்வவாக்கு, அருள்வாக்கு, குறி, அசரீரி என்று பல சொற்கள் கிடைக்கின்றன. ஒவ்வொன்றும் பொருளின் ஒரு பக்கத்தைத் தொடுகின்றதேயன்றி முழுவதையும் தொடுவதாயில்லை. எனவே அந்த இளைஞருக்குச் சொல்லாமல் விட்டதை இங்கே எழுத முற்படுகிறேன். சொல்லாராய்ச்சி எனக்குப் பிடித்தமான பொழுதுபோக்கு என்பது உண்மையே. ஆயினும் இதை எழுதுவதற்கு அது மட்டும் காரணமன்று.

இச்சொல் இலத்தீன் மொழியிலிருந்து வந்தது. ‘ஒராரே’ என்னும் வினைச்சொல்லுக்குப் பேசுதல், முறையிட்டு வேண்டுதல் என்பன பொருள். கிறிஸ்தவர்களின் வாயில் அதுவே செபித்தல் என்றாயிற்று. இடத்தையோ கருவியையோ குறிக்கும் விகுதி ஒன்று அதனோடு சேர்ந்து ‘ஒராக்குலும்’ ஆகும்போது, பேசப்படும் இடம் என்பதே நேர்ப்பொருளாகிறது. முதலில் இடத்தையும், பின்னர் அவ்விடத்தில் கிடைத்த வாக்கையும், அதன்பின் வாக்கை உரைக்கும் ஆளையும் அது குறிக்கலாயிற்று. இதே வேரில் முளைத்த இன்னொரு சொல் நமக்கு மிக நெருக்கமானது. 1687ஆம் ஆண்டு மாறுவேடத்தில் யாழ்ப்பாணம் வந்து, ஒல்லாந்தர் காலத்தில் ஒளித்து வாழ்ந்த நம் முன்னோரின் விசுவாசத்தைக் காத்தவரும், 2015ஆம் ஆண்டு சனவரி 14ஆம் நாள் காலிமுகத்திடலில் திருத்தந்தை பிரான்சிஸ் அவர்களால் புனிதராக உயர்த்தப்பெற்றவருமான யோசேவ்வாஸ் முனிவர் ‘ஒரட்டோரியன்’ சபையைச் சேர்ந்தவர். செபக்கூடம் என்பதே அச்சபைப் பெயரின் அடிப்படை. கடவுள் மனிதரோடு பேசும் இடமும், மனிதர் கடவுளோடு பேசும் இடமும் ஒரே வேரிலிருந்து பெயர் பெற்றிருப்பது எனக்கு எப்போதும் வியப்பளிக்கும்.

ஆனால் இச்சொல்லைக் கேட்டதும் உலகத்தாரின் நினைவுக்கு வருவது செபக்கூடம் அன்று. கிரேக்க நாட்டின் டெல்பி. பர்னாசு மலைச்சரிவிலுள்ள அப்பல்லோ கோவிலில் ‘பித்தியா’ எனப்பட்ட பூசாரிப்பெண் முக்காலியில் அமர்ந்து வாக்குரைப்பாள். அரசர்கள் அவள் வாக்கின்றிப் போருக்குப் புறப்பட அஞ்சினர். இவர்களுள் லீதியா நாட்டு மன்னன் குரோசஸின் கதையை வரலாற்றாசிரியர் ஹெரடோட்டஸ் விரிவாக எழுதி வைத்துள்ளார். குரோசஸ் எச்சரிக்கையான மனிதன். எந்தக் குறிமேடை உண்மையானது என்று அறிய, பல இடங்களுக்கும் ஒரே வேளையில் தூதரை அனுப்பினான். அவர்கள் புறப்பட்ட நூறாம் நாளில், மன்னன் இப்போது என்ன செய்கிறான் என்று அவர்கள் கேட்க வேண்டும். அந்நாளில் அவனோ யாரும் ஊகிக்க முடியாதபடி ஆமை இறைச்சியையும் ஆட்டுக்குட்டி இறைச்சியையும் வெண்கலப் பாத்திரத்தில் இட்டு, வெண்கல மூடியால் மூடிச் சமைத்துக்கொண்டிருந்தான். டெல்பி சரியாகச் சொல்லியது. மனம் மகிழ்ந்த மன்னன் பொற்சிங்கம் முதலான காணிக்கைகளை அங்கே குவித்தான். பாரசீகர்மீது படையெடுக்கலாமா என்று பின்னர் கேட்டபோது, படையெடுத்தால் ஒரு பெரும் பேரரசை அழிப்பாய் என்று விடை வந்தது. அவன் போனான். ஏறத்தாழ கி.மு. 546இல் அவனது தலைநகர் சார்தை வீழ்ந்தது. அழிந்த பேரரசு அவனுடையதே.

சிறைப்பட்ட குரோசஸ் தன்னைப் பிணித்திருந்த விலங்குகளை டெல்பிக்கு அனுப்பி, உனக்கு வெட்கமில்லையா என்று கேட்கச் செய்தானாம். எந்தப் பேரரசு என்று நீ திரும்பக் கேட்டிருக்க வேண்டும் என்று அங்கிருந்து பதில் வந்தது. இதைப் பூசாரிகளின் தந்திரம் என்று தள்ளிவிடுவது எளிது. எனக்கோ குரோசஸின் செவியைப் பற்றித்தான் நினைவு ஓடுகிறது. ஆமையைச் சமைத்துச் சோதிக்கும் அளவுக்கு நுணுக்கமாயிருந்தவன், தன் விருப்பத்துக்கு இசைவான பதில் கிடைத்த மாத்திரத்தில் மேலும் ஒரு வினாவைக் கேட்க மறந்துவிட்டான்.

புதிய ஏற்பாட்டுக்குள்ளும் டெல்பியின் நிழல் ஒருமுறை விழுகிறது. பிலிப்பி நகரில் பவுலையும் சீலாவையும் பின்தொடர்ந்து கூவிய அடிமைப்பெண்ணைப் பிடித்திருந்த ஆவியைத் திருத்தூதர் பணிகள் நூலின் கிரேக்க மூலம் ‘பைத்தன்’ ஆவி என்று அழைக்கிறது (திப 16:16). பித்தியாவுக்குப் பெயர் கொடுத்த அதே டெல்பிப் பாம்பின் பெயர் அது. அவள் குறி சொல்லியதால் அவளுடைய எசமானர்களுக்கு மிகுந்த வருவாய் கிடைத்து வந்தது என்பதையும் புனித லூக்கா எழுத மறக்கவில்லை. வாக்கு அடிமைப்பெண்ணுடையது, காசு வேறொருவருடையது.

பெருங்கோவில்களுக்குப் போக இயலாத எளியவர்களுக்கு வேறொரு வழி இருந்தது. கிரேக்கத்தின் பாரே என்னும் ஊரில் சந்தை நடுவே ஹெர்மஸ் தேவனின் சிலையொன்று நின்றதாக இரண்டாம் நூற்றாண்டுப் பயணி பவுசானியாஸ் எழுதுகிறார். குறி கேட்க வருபவர் மாலையில் விளக்கேற்றி, பீடத்தில் ஒரு நாணயத்தை வைத்து, சிலையின் காதில் தம் வினாவை முணுமுணுப்பார். பின்னர் தம் இரு காதுகளையும் பொத்திக்கொண்டு சந்தையைக் கடந்து வெளியே போய்க் கையை எடுப்பார். அப்போது முதலில் காதில் விழும் சொல், அது யார் யாருக்குச் சொன்னதாயினும், அவருக்குரிய வாக்கு.

இதை வாசிக்கும் தமிழ் மாணவர் எவருக்கும் ‘விரிச்சி’ நினைவுக்கு வரும். பத்துப்பாட்டுள் ஒன்றாகிய முல்லைப்பாட்டில், நப்பூதனார் இக்காட்சியைத்தான் முதலில் வைக்கிறார். தலைவன் போருக்குப் போயிருக்கிறான். கார்காலம் வந்துவிட்டது, அவன் வரவில்லை. முதுபெண்டிர் நெல்லும் முல்லை மலரும் தூவி வணங்கி, ஊர்ப்புறத்தே நின்று நற்சொல் கேட்கக் காத்திருக்கின்றனர். அவ்வேளையில் இடைக்குலப் பெண்ணொருத்தி, குளிரில் தன் கைகளைக் கட்டிக்கொண்டு, தாயைக் காணாமல் வருந்தும் கன்றுக்கு, உன் தாய் இதோ வந்துவிடுவாள் என்று ஆறுதல் சொல்வது கேட்கிறது. அவள் கன்றோடுதான் பேசினாள். முதியவர்களோ அதைத் தலைவிக்கு உரிய வாக்காக ஏற்று ஓடிவந்து, உன் தலைவன் வருவான், கலங்காதே என்கின்றனர். என்னை நெடுநாள் நிறுத்தி வைத்தது அடுத்து வரும் செய்தி. அவர்கள் மீண்டும் மீண்டும் சொல்லியும் அவளுடைய கண்ணீர் நிற்கவில்லை. நல்ல வாக்குக் கேட்ட பிறகும் அழுகின்ற ஒரு பெண்ணை அப்புலவர் கண்டிருக்க வேண்டும்.

முல்லைப்பாட்டின் முடிவில் தலைவனின் படை வரும் ஒலி கேட்கிறது. எல்லா வீடுகளின் வாசலிலும் அவ்வொலி கேட்பதில்லை என்பதை நம் மண்ணில் வாழ்வோருக்கு யாரும் எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை. 2009ஆம் ஆண்டின் பின்னர், காணாமல் ஆக்கப்பட்ட பிள்ளையின் படத்தைக் கையில் ஏந்திச் சாத்திரம் கேட்கப் போகாத தாய் எத்தனை பேர்? வெற்றிலையில் மை போட்டுப் பார்த்தவர்களும், கோவிலில் உருவந்து ஆடுபவரிடம் வாக்குக் கேட்டவர்களும், பெருங்கூட்டத்தில் பெயர் சொல்லி அழைத்துத் தீர்க்கதரிசனம் உரைக்கும் போதகரிடம் போனவர்களும் நம் பங்குகளிலேயே இருக்கிறார்கள். குறிகேட்டலைத் திருச்சட்டம் தடை செய்கிறது (இச 18:10-14). 1992இல் வெளியான கத்தோலிக்கத் திருச்சபையின் மறைக்கல்வி நூலும், வருங்காலத்தைக் குறித்த நோய்வாய்ப்பட்ட ஆவலைக் கைவிட்டு இறைவனின் பராமரிப்பில் நம்மை ஒப்படைக்கும்படி கற்பிக்கிறது. இதை நான் மறைத்துப் பேசுபவன் அல்லன். ஆனால் மறையுரையில் இதை உரத்த குரலில் சொல்லுமுன் ஒரு கதையை நினைவுகூர வேண்டும். கனவாலும் ஊரிமாலும் இறைவாக்கினராலும் பதில் கிடைக்காத அரசர் சவுல், இரவில் மாறுவேடமிட்டு ஏந்தோரிலிருந்த குறிசொல்லும் பெண்ணிடம் போனார் (1 சாமு 28). அவர் செய்தது பாவமே. வாக்குக் கேட்டு நிலத்தில் விழுந்துகிடந்த அவருக்கு, வீட்டிலிருந்த கொழுத்த கன்றை அடித்து, மாவு பிசைந்து அப்பம் சுட்டு உண்ணக் கொடுத்தவள் அந்தப் பெண்தான். அந்த இரவில் அவருக்கு இரக்கம் காட்டியவர் வேறு எவருமில்லை. நம் வாசற்கதவுகள் எத்தனை மணிக்குப் பூட்டப்படுகின்றன என்று குருக்களாகிய நாமும் எண்ணிப் பார்க்க வேண்டும்.

இனி அம்மாணவரின் வினாவுக்கு வருவோம். இலத்தீன் விவிலியத்தைத் தந்த புனித ஜெரோம் ‘ஒராக்குலும்’ என்ற சொல்லை ஓர் இடத்துக்குப் பயன்படுத்தினார். சாலமோனின் கோவிலில் நீளம், அகலம், உயரம் ஆகிய மூன்றும் இருபது முழமான திருத்தூயகத்தை எபிரேயம் ‘தெபீர்’ என்கிறது (1 அர 6:20). பேசுதல் என்று பொருள்படும் ‘தாபார்’ என்ற வேரோடு அவர் அதைத் தொடர்புபடுத்தினார். பின்புறத்து அறை என்பதே அச்சொல்லின் பொருள் என்று இக்கால அறிஞர் பலர் கருதுகின்றனர். சொற்பிறப்பில் ஜெரோம் தவறியிருக்கலாம், இறையியலில் தவறவில்லை. ஏனெனில் உடன்படிக்கைப் பேழையின்மேல், இரு கெருபுகளுக்கு நடுவிலிருந்தே ஆண்டவர் மோசேயிடம் பேசுவதாக வாக்களித்தார் (விப 25:22). கெருபுகளுக்கு நடுவே சிலை இல்லை, முக்காலி இல்லை, பூசாரிப்பெண் இல்லை. அவ்விடம் வெறுமையாயிருந்தது.

எசாயா நூலில் அம்மாணவர் கண்ட சொல்லோ வேறு. எபிரேயத்தில் அது ‘மாசா’. தூக்குதல், சுமத்தல் என்னும் வினையிலிருந்து பிறந்தது. குரலை உயர்த்திக் கூறும் வாக்கு என்று அதற்குப் பொருள் கொள்வோர் உண்டு. சுமை என்று கொள்வோரும் உண்டு. ஜெரோம் இங்கே ‘ஒராக்குலும்’ என்று எழுதவில்லை. ‘ஓனுஸ்’, அதாவது பாரம் என்று எழுதினார். நம் சீர்திருத்தச் சபைச் சகோதரர்கள் வாசிக்கும் பழைய தமிழ் மொழிபெயர்ப்பிலும் பாபிலோனைக் குறித்த அந்த வாக்கு ‘பாரம்’ என்றே வருகிறது. சிறுவயதில் அயல்வீட்டில் அதைக் கேட்டபோது விளங்காத மொழிபெயர்ப்பு என்று எண்ணினேன். இப்போது அப்படி எண்ணுவதில்லை.

இச்சொல்லை வைத்து எருசலேம் மக்கள் எரேமியாவைக் கேலி செய்தனர். ஆண்டவரின் ‘மாசா’ இன்றைக்கு என்ன என்று அவரைக் காணும்போதெல்லாம் கேட்டனர். இன்று என்ன வாக்கு என்றும், இன்று என்ன பாரத்தைக் கொண்டு வந்தாய் என்றும் அதற்கு இருபொருள். நீங்களே அந்தப் பாரம், உங்களைத் தூக்கி எறிவேன் என்று ஆண்டவர் அவர்களுக்கு விடை அளிக்கச் செய்தார். இனி அச்சொல்லையே வாயில் எடுக்கக்கூடாது என்றும் தடுத்தார் (எரே 23:33-40). எரேமியாவுக்கு அச்சொல் விளையாட்டன்று. ஒருமுறை மர நுகமொன்றைச் செய்து தம் கழுத்திலேயே பூட்டிக்கொண்டு தெருவில் நடந்தவர் அவர்.

அந்த நுகத்தைக் குறித்து நடந்ததைச் சற்று நின்று பார்ப்போம். கி.மு. 597இல் பாபிலோனியர் எருசலேமிலிருந்து அரசரையும் பல்லாயிரம் பேரையும் கைதிகளாகக் கொண்டு சென்றனர். ஏறத்தாழ மூன்று நான்கு ஆண்டுகள் கடந்தன. பிள்ளைகளைப் பறிகொடுத்த தாய்மார் நகரில் காத்திருந்தனர். அப்போது கிபயோன் ஊரினனான அனனியா, கோவிலில் எல்லோர் முன்னிலையிலும், இரண்டு ஆண்டுகளுக்குள் அனைவரும் திரும்பி வருவர் என்று ஆண்டவரின் பெயரால் முழங்கினான் (எரே 28). அங்கு நின்ற தாய்மாரின் முகங்களை எண்ணிப் பாருங்கள். எரேமியா சொன்ன முதற்சொல் ‘ஆமென்’ என்பது. அப்படியே ஆகட்டும், ஆண்டவர் அவ்வாறே செய்யட்டும் என்றார். அது கேலியன்று என்றே நான் வாசிக்கிறேன்; அவர்கள் திரும்பி வரவேண்டும் என்று அவரும் விரும்பினார். அனனியா அவருடைய கழுத்திலிருந்த நுகத்தை எடுத்து முறித்துப் போட்டான். எரேமியா பதில் எதுவும் பேசாமல் தம் வழியே போய்விட்டார். ஆண்டவரின் வாக்கு அவருக்கு வந்தது பின்னரே. மர நுகத்துக்குப் பதிலாக இரும்பு நுகம் என்பதே அவ்வாக்கு. இன்னொரு தருணத்தில், எருசலேம் அழிந்தபின், எஞ்சியோர் அவரிடம் வந்து வாக்குக் கேட்டபோது பத்து நாள் கழித்தே அவருக்கு வாக்கு வந்தது (எரே 42:7). அனனியாவிடம் பதில் எப்போதும் ஆயத்தமாயிருந்தது.

எரேமியா நாடுகடத்தப்பட்டோருக்குக் கடிதமும் எழுதினார். வீடு கட்டுங்கள், தோட்டம் இடுங்கள், மணமுடித்துப் பிள்ளைகளைப் பெறுங்கள், நீங்கள் இருக்கும் நகரின் நலனுக்காக மன்றாடுங்கள் என்றும், எழுபது ஆண்டுகள் ஆகும் என்றும் அதில் கண்டிருந்தது (எரே 29). எழுபது ஆண்டுகள் என்றால், கடிதத்தை வாசித்தவர்களுள் பெரும்பாலோர் திரும்பி வரமாட்டார்கள். நாளை என்ன நடக்கும் என்பதைவிட, இன்று என்ன செய்ய வேண்டும் என்பதே அக்கடிதத்தில் அதிகம். 386ஆம் ஆண்டு மிலான் நகரத் தோட்டத்தில் அழுதுகொண்டிருந்த புனித அகுஸ்தீனாரின் காதில் அடுத்த வீட்டுக் குழந்தையின் குரல் விழுந்ததே, அதுவும் ஒருவகை விரிச்சிதான். அக்குரலும் அவருக்கு எதிர்காலத்தைச் சொல்லவில்லை. எடுத்து வாசிக்கும்படி மட்டுமே சொல்லியது.

‘மாசா’ என்ற சொல் இறைவாக்கினருக்கு மட்டும் உரியதன்று என்பதையும் கூறிவிடுகிறேன். நீதிமொழிகளின் இறுதி அதிகாரத்தில் இலமுவேல் அரசனுக்கு அவன் தாய் கற்பித்தவற்றுக்கும் இச்சொல் இடப்பட்டுள்ளது (நீமொ 31:1). அங்கே அது ஓர் ஊரின் பெயர் என்போர் உளர். தாய் சுமந்த சொல் என்று வாசிப்பதே எனக்கு உவப்பு.

பேசுகிறவர் கடவுளின் வாக்குகளை உரைப்பவர்போல் பேசட்டும் என்பது பேதுருவின் முதல் திருமுகம் நமக்கு விடுக்கும் கட்டளை (1 பேது 4:11). குருமடத்தில் இதைக் கிரேக்க மூலத்தோடு படித்தேன், தேர்விலும் எழுதினேன். 2011ஆம் ஆண்டு, திருநிலைப்படுத்தப்பட்டுச் சில மாதங்களே ஆன நிலையில், வன்னியில் ஒரு பங்கில் உதவிக்குருவாக இருந்தபோது, தாயொருவர் மகனின் படத்தோடு வந்து, “சுவாமி, அவன் இருக்கிறானோ இல்லையோ?” என்று கேட்டார். அந்த முகத்தை என்னால் பார்க்க முடியவில்லை. “இருக்கிறான் அம்மா, ஆண்டவர் கொண்டுவந்து சேர்ப்பார்” என்று சொல்லிவிட்டேன். எனக்கு யாரும் அதைச் சொல்லித் தரவில்லை. அவர் கும்பிட்டுவிட்டுப் போனார்.

பதினொரு ஆண்டுகளின் பின்னர் வேறொரு பங்கில் அவரை மீண்டும் சந்தித்தேன். என்னை நன்றாக நினைவு வைத்திருந்தார். மகனுக்காக இதுவரை இளைப்பாற்றிப் பூசை ஒன்றுகூட ஒப்புக்கொடுக்கவில்லை என்றார். உறவினர் வற்புறுத்தியபோதெல்லாம், “மூன்று இடத்தில் சாத்திரம் கேட்டேன். மூன்று பேரும் இருக்கிறான் என்றார்கள். சுவாமியும் சொன்னவர். நாலு பேர்” என்று பதில் சொல்லி வந்திருக்கிறார். நாலாவது ஆள் நான்.

அன்று சொன்னது எனக்குத் தெரியாத ஒன்று என்றும், அதைச் சொல்லியிருக்கக் கூடாது என்றும் அவரிடம் கூறினேன். அவர் நெடுநேரம் பேசவில்லை. வெளியே பிள்ளைகள் பந்து விளையாடிக்கொண்டிருந்த சத்தம் கேட்டது. பின்னர் முந்தானை முடிச்சை அவிழ்த்து நூறு ரூபாய்த் தாள் ஒன்றை எடுத்து மேசையில் வைத்து, ஒரு பூசை வைக்க வேண்டும் என்றார். பூசைப் புத்தகத்தை எடுத்தேன். என்ன கருத்துக்கு என்று வழக்கம்போல் கேட்க வாயெடுத்து நிறுத்திக்கொண்டேன். நலத்துக்காக என்று எழுதினாலும் அது ஒரு வாக்கு. ஆன்ம இளைப்பாற்றிக்காக என்று எழுதினாலும் அது ஒரு வாக்கு. “நீங்களே எழுதுங்கோ சுவாமி” என்றார்.

பெயரை மட்டும் எழுதினேன். இப்போதும் அவர் மாதந்தோறும் வருகிறார். அந்தப் பெயருக்கு எதிரே கருத்து எழுதும் இடம் இன்றுவரை வெறுமையாகவே இருக்கிறது.